கூடாரத்தின் பின்புறம்

1955ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையிலேதான் நான் முதன்முதலாகக் கொழும்பைக் கண்டேன். அப்பொழுது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. ஆசிரியராயிருந்த தந்தையார் பல மாதங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு எங்களை அழைத்துச் சென்றார். யாழ்ப்பாணத்தில் இரவுத் தபால் வண்டி ஏறி, விடியற்காலையிற் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கினோம். அம்மாவின் பையில், அன்றிரவு நாங்கள் தங்கவிருந்த வெள்ளவத்தை உறவினருக்கென ஒரு டசின் பனங்கட்டிக் குட்டான்கள் இருந்தன.

பொரளை வரை டிராம் வண்டியிற் சென்று திரும்பினோம். நூதனசாலையில், 1934இல் இங்கிலாந்திலிருந்து மீண்டு வந்த கண்டி மன்னரின் சிம்மாசனத்தைப் பார்த்தோம். பிற்பகலிற் காலிமுகத் திடலில், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859இல் நாட்டுவித்த கல்லின் வாசகத்தைத் தந்தையார் தமிழிற் சொன்னார். கொழும்பு வாழ் பெண்கள், குழந்தைகளின் நலன் கருதி அந்த நடைபாதையைப் பேணுமாறு தம் பின்னவர்களைக் கேட்டுக்கொள்ளும் கல் அது. அதனைக் கேட்ட தங்கை, தனக்கே அத்திடலை எழுதித் தந்துவிட்டார்கள் என்பதுபோல் ஓடித் திரிந்தாள்.

மாலையில், இந்தியாவிலிருந்து வந்திருந்த சர்க்கஸ். சிங்கமும் யானையும் வந்து போயின. இறுதியிற் பார் விளையாட்டு. என் வயதுடைய சிறுமியொருத்தி கூடாரத்தின் உச்சியில் ஒரு கட்டையை விட்டு, வெற்று வெளியிற் பாய்ந்து, மறு கட்டையைப் பற்றினாள். கூடாரம் அதிரக் கைதட்டினோம். அம்மா மாத்திரம் கண்களை இறுக மூடியிருந்தார். "ஆர் பெத்த பிள்ளையோ!" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் தங்கைக்குத் தண்ணீர் தேடிக் கூடாரத்தின் பின்புறம் போனோம். குழாயடியில், முகத்துச் சாயம் கழுவப்படாமலே, அதே சிறுமி பெரிய சோற்றுப் பானையொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சை வா பிள்ளை. சாப்பிட்டனியோ?"

அவள் இல்லையெனத் தலையசைத்தாள். அம்மா குட்டானொன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் அதனை உண்ணவில்லை. பாவாடைத் தலைப்பில் முடிந்துகொண்டு, கூடாரத்தைச் சுட்டி, "அனியத்திக்கு" என்றாள். எங்களுக்குப் பொருள் விளங்கவில்லை. அம்மா ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு, எஞ்சியவை அனைத்தையும் அவள் மடியிற் போட்டார். அன்றிரவு உறவினர் வீட்டுக்கு வெறுங்கையுடன் போனோம். அதற்கு முன்னும் பின்னும் அம்மா அவ்வாறு எவர் வீட்டுப் படியும் ஏறியதில்லை. தந்தையார் ஒன்றும் கேட்கவில்லை.

சில ஆண்டுகளின் பின், என் கல்லூரியிற் கற்பித்த மலையாள ஆசிரியரொருவரிடம் அச்சொல்லின் பொருளைக் கேட்டேன். 'தங்கைக்கு' என்றார். அவர் வாயிலாகவே தலைச்சேரியைப் பற்றியும் அறிந்தேன். அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் 1901இற் சர்க்கஸ் பயிற்சிக்கூடமொன்றை நிறுவினார். இந்திய சர்க்கஸ்களின் புகழ்பெற்ற கலைஞர் பலர் அவ்வூரினர். வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அத்தொழில் சோறும் பெயரும் அளித்தது உண்மையே. ஆயினும், அந்தச் சோற்றுக்காக அவர்கள் தம் பிள்ளைப் பருவத்தையே கொடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் கைதட்டியது அந்த விலைக்கும் சேர்த்துத்தான்.

சர்க்கஸ்களிற் சிறுவரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் அந்நாட்டு அரசைப் பணித்தது. அச்செய்தியைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அப்பொழுது அவள் பேரப்பிள்ளைகளைக் கண்டவள். வெகுநேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணை, அந்தப் பிள்ளையின்ரை தங்கச்சிக்கு இப்ப என்ன வயசிருக்கும்?"