மயக்க நிலையில் மூச்சு: அறுவை சிகிச்சைக்கு முன் நாம் சொல்ல வேண்டியவை

அறுவை சிகிச்சைச் செலவுக்காக வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள நம் கிளைகளுக்கு வருவோர் பலர். அறை வாடகை, காப்பீட்டு வரம்பு, அறுவை சிகிச்சை நிபுணரின் அனுபவம் ஆகிய அனைத்தையும் விசாரித்திருப்பார்கள். மயக்க மருந்து தரும் மருத்துவரைப் பற்றி எண்ணியிருப்பவர் அரிது. மயக்கத்தில் இருக்கும் நேரம் முழுவதும் நம் மூச்சைக் காப்பவர் அவரே.

முழு மயக்கத்தில் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்சரிந்து தொண்டையை அடைக்கலாம். தசைத்தளர்வு மருந்தும் சேர்ந்தால் மூச்சு தானாக இயங்காது. ஆகவே மருத்துவர் முகக்கவசம் வழியே ஆக்சிஜன் அளித்து, பின்னர் குரல்நாண்களைக் கடந்து மூச்சுக்குழலுக்குள் குழாயைச் செலுத்துகிறார். பெரும்பாலோருக்கு இது எளிதில் முடிந்துவிடும். சிலருக்கோ குரல்வளை கண்ணுக்கே புலப்படாது. வாய், தாடை, கழுத்தசைவு ஆகியவற்றை முன்னரே சோதித்தாலும் இவர்கள் அனைவரையும் இனங்காண இயலாது. டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வின்படி, குழாய் செலுத்தக் கடினமாக இருந்தவர்களில் 93 விழுக்காட்டினரிடம் அக்கடினம் எதிர்பார்க்கப்படவே இல்லை.

2005-இல் இங்கிலாந்தில் விமானி மார்ட்டின் புரோமிலியின் மனைவி, சைனஸ் தொல்லைக்கான சாதாரண அறுவை சிகிச்சைக்குச் சென்றார். மயக்கம் அளித்தபின் மூச்சுவழி தடைபட்டது. அனுபவமிக்க மருத்துவர்கள் குழாய் செலுத்தவே மீண்டும் மீண்டும் முயன்றனர். கழுத்தில் துளையிடும் கருவிகளைச் செவிலியர் ஒருவர் கொண்டுவந்தும் அது அவர்கள் கருத்தில் ஏறவில்லை. நினைவு திரும்பாமலே அப்பெண்மணி 13 நாள்களில் உயிரிழந்தார். திறமைக்குக் குறைவில்லை, நேரம் கடந்ததை உணராததே குறை. பழிதேட முற்படாத புரோமிலி, இத்தகைய மனிதத் தவறுகளைக் குறைப்பதற்கென 2007-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

இன்று இதற்குத் தெளிவான படிநிலைகள் உள்ளன. குழாய் செலுத்த வரையறுத்த சில முயற்சிகள் மட்டுமே. இயலாவிடில், குரல்வளைக்கு மேல் அமரும் கருவி. அதுவும் உதவாவிடில் முகக்கவசம். யாவும் தோற்றால், தாமதமின்றிக் கழுத்தின் முன்புறம் சிறு திறப்பு. ஆக்சிஜன் சேர்ப்பதே நோக்கம். குழாய் ஒரு வழி மட்டுமே. நம் நாட்டிலும் அகில இந்திய கடின மூச்சுவழிச் சங்கம் 2016-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. ஒருவர் பதிவதை மற்றொருவர் சரிபார்க்கும் வங்கி நடைமுறையைப் போல, இங்கும் உடனிருப்போர் எவரும் குரல் எழுப்பலாம், எழுப்பவேண்டும்.

நம் பங்கும் உண்டு. முந்தைய மயக்கத்தில் நேர்ந்த சிரமம், பலத்த குறட்டை, ஆடும் பல், பல் செட், கழுத்தில் பெற்ற கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவற்றை மயக்கவியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். உணவையும் நீரையும் அவர் சொன்ன நேரத்தில் நிறுத்தவேண்டும். குழாய் செலுத்துவது கடினமாக இருந்ததெனப் பின்னர் அறிந்தால், அதை எழுத்தில் கேட்டுப் பெறுவோம். அடுத்த மருத்துவருக்கு அதைவிடச் சிறந்த முன்னெச்சரிக்கை வேறில்லை. அந்தத் தாள் லாக்கரில் பூட்டிவைக்க வேண்டியதன்று. காப்பீட்டு அட்டையுடன், வீட்டார் அனைவரும் அறிந்த இடத்தில் இருக்கட்டும்.