குறியீடும் காரணமும்

ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிகள் தொடக்கம் பெற்றோல் கார்களுக்குப் பொதுவான பழுதுக் குறியீடுகள் கட்டாயமாக்கப்பட்டன. அவை பழுதின் காரணத்தையே கூறுவன எனக் கருதுதல் தவறாகும். பி 0171 என்பதை நோக்குவோம். எரிகலவையில் காற்று மிகுந்து பெற்றோல் குறைந்துள்ளது என்பதே அதன் பொருள். இதனை உணர்த்துவது ஒட்சிசன் உணரி. ஆதலால் அதனையே மாற்றிவிடுவோர் உளர். ஆனால், வெடித்த இறப்பர்க் குழாயோ, அழுக்கேறிய காற்றளவு உணரியோ, தளர்ந்த எரிபொருட் பம்பியோ மெய்க்காரணமாகலாம். வண்டி நிற்கையில் மிகும் குறைபாடு எஞ்சின் வேகம் கூடக் குறையுமாயின் காற்றுக் கசிவையும், சுமையேறுகையில் மிகுமாயின் எரிபொருள் வழங்கலையும் முதலில் ஐயுறவேண்டும். காரணத்தைக் களையாது குறியீட்டை மட்டும் அழிப்பின் அது மீண்டும் தோன்றும். தோற்றத்தினின்று சாரத்தை அடைவது கருவியன்று. தொழிலாளியின் சிந்தனை கலந்த உழைப்பே. அவ்வுழைப்பை மதியாதவிடத்து உதிரிப்பாக விற்பனையே திருத்தவேலை எனப் பெயர்பெறுகின்றது.