அடி வாங்கி வளரும் பசங்க கத்தி தூக்குவது ஏன்? ஆய்வுகள் சொல்லும் அதிர்ச்சி கணக்கு!

சென்னை: கத்திக்குத்து, கோஷ்டி மோதல் என்று 17, 18 வயசு பசங்க போலீசில் சிக்கும்போதெல்லாம், "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும். ஆனால் பிரச்சினை பல வருஷம் முன்னாடியே வீட்டுக்குள் ஆரம்பித்து விடுகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

அமெரிக்காவில் கேத்தி விடம் என்ற பெண் ஆராய்ச்சியாளர், சின்ன வயசில் அடி, உதை வாங்கியதாகவோ, கவனிப்பார் இல்லாமல் விடப்பட்டதாகவோ கோர்ட்டு வரை போன 908 குழந்தைகளின் பிற்கால போலீஸ் ரெக்கார்டுகளைத் தேடி எடுத்தார். 1989-ல் முடிவு வெளியானது. அவர்களில் 100-க்கு 26 பேர் சிறுவயதிலேயே கைதாகி இருந்தார்கள். அதே மாதிரி குடும்பச் சூழலில் இந்தக் கொடுமை இல்லாமல் வளர்ந்தவர்களில் 17 பேர்தான்.

அடி மட்டும் காரணம் இல்லை. சாப்பாடு, கவனிப்பு இல்லாமல் விடப்பட்ட பிள்ளைகளும் பின்னாளில் அடிதடி வழக்குகளில் அதிகம் சிக்கினார்கள்.

"என்னடா முறைக்கிற?"

குடிச்சிட்டு வர்ற அப்பா எப்ப அடிப்பாரோ என்று பயந்தே வளரும் பையனின் மூளை எப்பவும் உஷார் நிலையிலேயே இருக்கும். வெளியில் ஒருத்தன் சும்மா பார்த்தாலும் முறைப்பதாகத் தோன்றும். முந்திக்கொண்டு கை நீட்டுவான்.

இப்படி வளரும் பிள்ளைகள் அடிப்பவர்களாக மட்டும் மாறுவதில்லை. வெளியிலும் திரும்பத் திரும்ப அடி வாங்குபவர்களாக, ஏமாற்றப்படுபவர்களாக ஆவதும் சகஜம். பாசம் காட்டுவது போல் நடிக்கும் ரவுடி கும்பலிடம் சுலபமாக மாட்டுவதும் இவர்கள்தான்.

3-ல் 2 பேருக்கு அடி

நம்ம நாட்டு நிலவரமும் மோசம்தான். 2007-ல் மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில், 3 குழந்தைகளில் 2 பேர் அடி, உதைக்கு ஆளாவது தெரிந்தது. வீட்டில் அடித்தவர்களில் பெரும்பாலானோர் பெற்றோரே.

74 பேர் கைதாகவில்லை!

அதே சமயம் விடம் கணக்கில் 100-க்கு 74 பேர் சிறுவயதில் எந்த வழக்கிலும் கைதாகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அடி வாங்கிய பிள்ளை எல்லாம் ரவுடி ஆகிவிடாது. பாட்டி, மாமா, டீச்சர், விளையாட்டு மாஸ்டர் என நம்பிப் பேச ஒரே ஒரு பெரியவர் இருந்தாலும் பாதிப்பு குறைகிறது.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். அது பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பள்ளிகளில் அடிப்பதை 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே தடுக்கிறது. பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால், 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்துக் கிடைக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை தினமும் அலறும் சத்தம் கேட்டால் 1098-க்கு போன் பண்ணலாம். காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அடி வாங்கும் பிள்ளையே கூட நேரடியாகப் பேசலாம்.