கணக்கு டேலி ஆகுதா, டீச்சர்?

ஓட்டு எண்ணும் நாளில் நாடே டி.வி. முன் உட்கார்ந்துவிடுகிறது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, முன்னிலை, பின்னடைவு என்று நாள் முழுக்க ஒரே பரபரப்பு. ஆனால் அந்த எண்களை நம்பலாமா என்ற கேள்விக்குப் பதில் அதற்குப் பல நாள் முன்பே, வாக்குப்பதிவு முடிந்த ராத்திரி, ஏதோ ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எழுதப்பட்டுவிடுகிறது. அந்தப் பதிலுக்குப் பெயர் படிவம் 17சி.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். 17சி-யை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

சாவடியில் நாள் முழுக்க இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று மனிதர்கள் எழுதுவது. முதல் அலுவலர் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்து, உரக்க வாசித்து, குறியிடுவார். இரண்டாம் அலுவலர் விரலில் மை வைத்து, 17ஏ என்னும் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுப்பார். மூன்றாம் அலுவலர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வாக்குப்பதிவு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட்டில் பட்டனை அழுத்தினால்தான் ஓட்டுப் போட முடியும். இயந்திரத்துக்குள் ஓடுவது இன்னொரு கணக்கு. வந்தது யார் என்பது பதிவேட்டுக்குத் தெரியும். யாருக்குப் போட்டார் என்பது தெரியாது. இயந்திரத்துக்கோ வந்தவர் யாரென்று தெரியாது. ரகசியம் காக்கப்படுவது இதனால்தான். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: எத்தனை பேர் என்ற எண்ணிக்கை.

காலையில் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்துகிறோம். குறைந்தது 50 ஓட்டாவது போட்டு, முடிவைச் சரிபார்த்து, பிறகு 'கிளியர்' செய்து, எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று எல்லோருக்கும் காட்ட வேண்டும். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் எடுத்து, முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். இதில் கிளியர் செய்ய மறந்தால், அந்த 50 ஓட்டும் நிஜ ஓட்டோடு சேர்ந்துவிடும். சாயங்காலம் கணக்கு இடிப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

மாலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுப்போம். கடைசியில் நிற்பவருக்குத்தான் முதல் டோக்கன். அப்போதுதான் புதிதாக யாரும் பின்னால் வந்து நிற்க முடியாது. கடைசி ஆளும் போட்டு முடித்ததும் 'குளோஸ்' பட்டன். அதன்பின் அந்த இயந்திரம் இன்னொரு ஓட்டை ஏற்காது. திரையில் தெரியும் மொத்தத்தைக் குறித்துக்கொண்டு 17சி-யை எடுப்போம்.

அதில் உள்ள கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 17ஏ-வில் பதிவான வாக்காளர் எண்ணிக்கையிலிருந்து, கையெழுத்துப் போட்டபின் 49ஓ விதிப்படி ஓட்டுப் போட மறுத்தவர்களையும், ரகசியத்தை மீறியதால் அனுமதிக்கப்படாதவர்களையும் கழித்தால் வருவது, இயந்திரம் காட்டும் எண்ணாக இருக்க வேண்டும். அதே பெயரில் வந்த கவுண்டமணி படத்துக்குப் பிறகு 49ஓ என்ற பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். ஆனால் பலர் அதை நோட்டாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2013-இல் வந்த நோட்டா, அதாவது 'யாருக்கும் ஓட்டில்லை', இயந்திரத்தில் உள்ள பட்டன். அழுத்தினால் மொத்தத்தில் ஒன்று கூடும். 49ஓ-வில் போகிறவர் இயந்திரத்தைத் தொடுவதே இல்லை. 800 பேர் பதிவாகி ஒருவர் 49ஓ என்றால் இயந்திரம் 799 காட்ட வேண்டும். படிவத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது: கணக்கு ஒத்துப்போகிறதா, வித்தியாசம் ஏதும் உண்டா?

ஒரு தேர்தலில் பதிவேடு 743, இயந்திரம் 742. "மேடம், ஒண்ணு இடிக்குதே" என்றார் இரண்டாம் அலுவலராக இருந்த தம்பி. முகவர்களில் மூத்தவர், "ஒத்த ஓட்டுதானே டீச்சர், சரின்னு போட்டுடுங்க. பசங்க சாப்பிடாம காத்துக்கெடக்காங்க" என்றார். "பத்து நிமிஷம் பொறுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டைப் பிரித்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். ஐந்து மணி வரை சரியாக இருந்ததால், கடைசிப் பக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். பக்கம் திருப்பும் இடத்தில் 690-க்கு அடுத்து 692 என்று இருந்தது. அவசரத்தில் ஒரு எண்ணைத் தாண்டியிருக்கிறார். அதை எல்லோருக்கும் காட்டி, என் நாட்குறிப்பில் எழுதிய பிறகே படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

காரணம் கிடைக்காமலே போனால்? வித்தியாசத்தை அப்படியே எழுத வேண்டும். எழுதிய வித்தியாசத்தை மறுநாள் தேர்தல் நடத்தும் அலுவலரும் பார்வையாளரும் ஆராய முடியும். மறைத்த வித்தியாசத்தை யாராலும் ஆராய முடியாது.

எண்ணும் நாளில் மேஜைக்கு இயந்திரத்தோடு 17சி-யும் வரும். கன்ட்ரோல் யூனிட்டின் எண், சீல், மொத்த ஓட்டு எல்லாம் அதோடு பொருந்த வேண்டும். மாதிரி ஓட்டை அழிக்காததால் எண் மாறியிருந்தால் அந்த இயந்திரத்தை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடி ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் விவிபேட் சீட்டுகளை எண்ணுவது முன்பு வழக்கமாக இருந்தது. அவ்வளவு குறைந்த வித்தியாசம் அபூர்வமான சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 2021-இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஓட்டில்.

2024 மக்களவைத் தேர்தலின்போது 17சி விவரங்களை இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள், மே 25 அன்று, அதுவரை முடிந்த ஐந்து கட்டங்களில் பதிவான ஓட்டுகளைத் தொகுதிவாரியாக எண்ணிக்கையில் தேர்தல் ஆணையம் வெளியிட்டது. முகவர்கள் கையில் இருக்கும் நகல்களை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்ற வாதமும் அப்போது எழுந்தது. சரியான வாதம்தான், நகலை வாங்கி வைத்திருந்தால்.

டேலி ஆகிவிட்டால் எல்லாம் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். போட்ட ஓட்டு போட்ட சின்னத்துக்கே போனதா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதற்குத்தான் 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எண்ணிப் பார்க்கிறார்கள். உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போனாலும் கணக்கு பொருந்தத்தான் செய்யும். அப்படி நேர்ந்தால் திரும்பிப் போய்விடாதீர்கள். பட்டியலில் இருப்பவர் நீங்கள்தான் என்று நிரூபித்து, டெண்டர் ஓட்டுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணிக்கைக்கும் 17சி-யில் இடம் உண்டு.

கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாக்குப்பதிவு முடியும்போது சாவடியில் இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் 17சி நகலைத் தலைமை அலுவலர் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. ஏழு மணிக்கே கிளம்பிப் போய்விட்டு, எண்ணும் நாளில் இயந்திரத்தின் மீது சந்தேகம் கிளப்பிப் பயனில்லை. கடைசி வரை இருங்கள், இரண்டு எண்களையும் உங்கள் கண்ணால் பாருங்கள், நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.