பின்கண்ணாடி வைப்பர் ‘மக்கர்’! பழி மோட்டார் மேல், குற்றவாளி ஒயர்!

முன்கண்ணாடி வைப்பர் மழையில் நின்றால் டிரைவர் அந்த நிமிஷமே வண்டியை ஓரம் கட்டுவார். பின்கண்ணாடி வைப்பர் நின்றால்? யாருக்குமே தெரியாது! பத்து மாதம் வெயிலில் சும்மா கிடக்கும். ஐப்பசி மழையில் சென்னை ரோடு குளமாகும்போது சுவிட்சைப் போட்டால்தான், “அட, இது எப்போ செத்துச்சு?” என்று தெரியும்.

ஒர்க் ஷாப்புக்குப் போனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான். “மோட்டார் போச்சு சார், மாத்திடுவோம்!” பணம் கைமாறும். வேறு மோட்டார் ஏறும். சுவிட்சைப் போட்டால் அதுவும் ஓடாது!

1998-ல் வந்த சான்ட்ரோ, இண்டிகா, 1999-ல் வந்த வேகன் ஆர் என்று 20 வயது தாண்டிய வண்டிகள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன. பின்வைப்பர் உள்ள இந்தக் காலத்து வண்டிகளில் இப்படித் தண்டம் அழுவது சகஜம். விசாரணையே இல்லாமல் தண்டனை கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

குட்டிச்சுவரும் சேறும்

பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கார்களுக்குப் பின்வைப்பர் அவ்வளவாகத் தேவைப்படாது. கண்ணாடி சாய்வாக இருப்பதால் ஓடும்போது காற்றே தண்ணீரைத் தள்ளிவிடும். பின்பக்கம் குட்டிச்சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும் வண்டிகள் கதை வேறு. ஓட்டத்தில் பின்னால் காற்று சுழலும். டயர் கிளப்பும் சேற்றுத் தண்ணீரை அந்தச் சுழல் தூக்கிக் கண்ணாடியில் அப்பிவிடும். ராத்திரியில் பின்னால் வரும் பஸ்ஸின் லைட் அதில் பட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திரை!

அந்த நேரம் சந்துக்குள் வண்டியை ரிவர்ஸ் எடுப்பதுதான் விபரீதம். பின்னால் நிற்கும் குழந்தை கண்ணில் படாது. புதுக் கார்களில் ரிவர்ஸ் எடுக்கும்போது எச்சரிக்கும் சென்சார் 1-7-2019 முதல் கட்டாயம். பழைய வண்டிக்கு அந்த யோகம் இல்லை. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள வைப்பர் விதியும் முன்கண்ணாடியைப் பற்றித்தான் பேசுகிறது. ஆக, பின்கண்ணாடியைக் கவனிக்க வேண்டியது சொந்தக்காரர்தான்.

காதைக் கொடு!

இஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் திருப்பி, சுவிட்சைப் போட்டு, பின்கதவில் காதை வைத்துக் கேட்க வேண்டும். ‘ஊம்’ என்று சத்தம் வந்தும் வைப்பர் அசையவில்லையா? கரண்டு வருகிறது. உள்ளே பல் சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது வைப்பர் கையின் அடி நட்டு லூசாகியிருக்கலாம். நட்டு என்றால் ஒரு ஸ்பேனரோடு சரி. வைப்பர் ஓடி, கண்ட இடத்தில் பாதியில் நின்றால் மோட்டாருக்குள் இருக்கும் ‘பார்க்கிங்’ தகட்டில் கோளாறு.

சத்தமே இல்லை என்றால் அடுத்து பியூஸ். எந்த பியூஸ் என்று பெட்டி மூடியிலேயே பெரும்பாலும் போட்டிருக்கும். தட்டை பியூஸ்களில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். எது இருந்ததோ அதையேதான் திரும்பப் போட வேண்டும்.

சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி பியூஸ் இடத்தில் செருகும் கெட்டிக்காரர்கள் நம் ஊரில் உண்டு. மோட்டார் இறுகிப்போய் கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும்போது இந்த வேலையைச் செய்தால் வெள்ளித்தாள் எரியாது, ஒயர்தான் எரியும். அதோடு சேர்ந்து வண்டியும்! புது பியூஸும் உடனே போய்விட்டால், மூன்றாவதைப் போடாமல் காரணத்தைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

ரப்பர் உறைக்குள் ரகசியம்

பின்கதவைத் தூக்கினால், கீல் ஓரத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை தெரியும். கூரையிலிருந்து கதவுக்குப் போகும் ஒயர்கள் எல்லாம் அதற்குள்தான். கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அவை அதே இடத்தில் மடங்கி நிமிரும். 20 வருஷம் இப்படி மடங்கினால் செப்புக் கம்பி என்ன ஆகும்? ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டே வரும். வேடிக்கை என்னவென்றால், மேல் பிளாஸ்டிக் முழுசாக இருக்கும். பார்வைக்கு ஒயர் நல்ல பிள்ளை, உள்ளே கம்பி இரண்டு துண்டு!

ஆளைக் காட்டிக்கொடுக்கச் சாட்சிகள் உண்டு. நம்பர் பிளேட் லைட், பின்கதவு லாக், கண்ணாடியின் பனி போக்கும் சூட்டுக் கம்பி ஆகியவற்றின் ஒயர்களும் பல வண்டிகளில் அதே உறைக்குள்தான் போகின்றன. வைப்பரோடு சேர்ந்து இவற்றில் ஒன்றும் படுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னொரு சோதனை: சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒருவர் கதவை மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் வைப்பர் துள்ளினால் பிடிபட்டது திருடன். (கதவு திறந்திருந்தால் வைப்பரே ஓடாத மாதிரி அமைத்த வண்டிகளும் சில உண்டு. அவற்றில் இந்தச் சோதனை செல்லாது.)

உறையை உருவி, ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பார்த்தால் அறுந்தது ரப்பர் மாதிரி நீளும். அதை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழை வரைக்கும்தான் தாங்கும். மடங்கும் இடத்துக்கு இரு பக்கமும் தள்ளி வெட்டி, புது ஒயர்த் துண்டு வைத்து, ஈயம் ஊதி, ஸ்லீவ் போட வேண்டும். தண்ணீர் பீய்ச்சும் குழாயும் இதே உறைக்குள் போகும் வண்டிகள் பல. அது விரிசல் விட்டிருந்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. இல்லையென்றால் ஒயர் மேலேயே தண்ணீர் சொட்டும்.

மோட்டார் முறை

ஒயர் சுத்தம் என்றால் கதவின் உள் அட்டையைக் கழற்றலாம். பழைய பிளாஸ்டிக் கிளிப் பட்டென்று உடையும், ஜாக்கிரதை. டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை பாடியின் நல்ல இரும்பிலும், மறு முனையை மோட்டாருக்கு வரும் கரண்டு ஒயரிலும் வைக்க வேண்டும். லைட் எரிந்தால் கரண்டு வருகிறது. அடுத்து, பாடியில் வைத்த முனையை எடுத்து மோட்டாரின் எர்த்து ஒயரில் வைக்க வேண்டும். இப்போது எரியாவிட்டால் எர்த்துதான் போச்சு! போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கினால் தீர்ந்தது. காலணா செலவில்லை.

இரண்டிலும் எரிந்தும் மோட்டார் அசையவில்லை என்றால்கூட உடனே சாவு மணி அடிக்க வேண்டாம். வைப்பர் கையை மாட்டும் இரும்புத் தண்டு அலுமினியக் கூட்டுக்குள் சுற்றுகிறது. வெளி ரப்பர் வெடித்து மழைத் தண்ணீர் இறங்கினால் தண்டு துருப்பிடித்து இறுகும். மாதக் கணக்கில் ஓடாமல் கிடந்தால் கேட்கவே வேண்டாம். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, தண்டை உருவி, எமரி தாளில் தேய்த்து, கிரீஸ் வைத்து, புது ரப்பர் வளையம் போட்டு மாட்டினால் பிழைத்துவிடும் மோட்டார்கள் உண்டு. சுத்தியல் மட்டும் கூடாது. தண்டு கண்ணாடி வழியாக வரும் வண்டிகளில் ஒரே அடி போதும், மொத்தக் கண்ணாடியும் கற்கண்டாகக் கொட்டிவிடும்!

எல்லாம் பார்த்தும் செத்தது மோட்டார்தான் என்றால், இருக்கவே இருக்கிறது புதுப்பேட்டை. பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோய் ஊசிகளின் எண்ணிக்கை, தண்டின் நீளம், போல்ட் ஓட்டை மூன்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். கடையிலேயே பாட்டரி வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குவது முக்கியம். “கேரண்டி சார்” என்ற வார்த்தை கடை வாசல் தாண்டாது. பில்லும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. யார் வண்டியில் கழற்றியது என்று நாளை போலீஸ் கேட்டால் பதில் வேண்டுமே!

மாட்டும்போது கையை முதலில் போடக் கூடாது. சுவிட்சை ஒருமுறை போட்டு அணைத்து, மோட்டார் தானாக நிற்கும் இடத்துக்கு வந்த பிறகு, கழற்றும் முன் கண்ணாடியில் ஒட்டிவைத்த டேப் அடையாளத்துக்கு நேராகக் கையை வைத்து நட்டை முறுக்க வேண்டும். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் கீறல் விழும்.