நிறம் அசைவைக் காட்டிக்கொடுக்குமா?

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்தை நோக்கி ஊர்கின்றன கன்டெய்னர் ட்ரெய்லர்கள். நிற்கும் சிவப்புப் பெட்டியைக் கடந்து ஒரு பச்சைப் பெட்டி போகிறது. சாலைக் கேமராவின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி ஆராயும் கணினிக்கு அது தெரியாமலே போகலாம்.

வண்ணப் படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. கறுப்பு வெள்ளையாக்க, அவற்றை முறையே 0.299, 0.587, 0.114 ஆல் பெருக்கிக் கூட்டுவது வழக்கம். சிவப்புப் பெட்டி 200, 40, 40. பச்சைப் பெட்டி 0, 130, 100 என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பாருங்கள், இரண்டுக்குமே ஏறத்தாழ 88 வரும். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகி, நடுவிலிருந்த விளிம்பு மறைந்துவிடுகிறது. விளிம்பு போனால் அசைவைக் கணிக்கப் பிடிமானமே இல்லை.

மனிதக் கண் என்ன செய்கிறது? அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்: நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். 1978-இல் ரிச்சர்டு கிரிகரியுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய ஆய்வில், திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். ஒரு பகுதிப் புள்ளிகள் மட்டும் இடம் மாறும். இரு நிறங்களின் ஒளிர்வையும் சமமாக்கியதும் அந்த அசைவு பார்ப்பவருக்குப் புலப்படவில்லை. அசைவை அறிய மூளை பெரிதும் நம்புவது ஒளிர்வைத்தான்.

கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அசைவைக் கணிக்க 1981-இல் ஆய்வாளர்கள் ஹார்னும் ஷுங்கும் வகுத்த முறையில், ஒளிர்வை மட்டும் வைத்து ஒரு பிக்சலுக்கு ஒரே சமன்பாடு. கண்டறிய வேண்டியவையோ கிடைமட்ட வேகம், செங்குத்து வேகம் என இரண்டு. நிறத்தையும் சேர்த்தால் சமன்பாடுகள் மூன்றாகும். நேரான விளிம்பில் மூன்றும் ஒரே சேதியைத்தான் சொல்லும். பல நிறம் கலந்த பரப்பில் பலன் அதிகம். நிழலிலும் நிறம் கைகொடுக்கும். கிரேனின் நிழல் விழுந்தால் ஒளிர்வு சட்டெனச் சரியும். மூன்று எண்களின் விகிதம் அவ்வளவாக மாறாது. நிழல் நகர்வதை வண்டி நகர்வதாகக் கணினி எண்ணும் பிழை குறைகிறது.

ஆனால், வீடியோவைச் சுருக்கும்போது பெரும்பாலான கேமராக்கள் நான்கு பிக்சலுக்கு ஒரு நிற அளவையே வைத்துக்கொள்கின்றன. நிறத்தின் நுணுக்கம் மனிதக் கண்ணுக்கு எட்டாது என்பதால் வந்த சிக்கனம் இது. பார்ப்பது கணினி என்றால், அதுவே இழப்பு.

ட்ரெய்லர்களுக்கு நடுவே டூவீலர்கள் நுழைந்து போகும் சாலை இது. அசைவைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. இங்கே கேமரா பொருத்துகிறவர்கள் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, நிறத்தில் எவ்வளவு மிஞ்சும் என்றும் கேட்டாக வேண்டும்.