காலை வேளையும் மருந்து வேளையும்

பால்மரத்தை எப்பொழுது வெட்டவேண்டும் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. விடியுமுன் வெட்டினால் பால் நன்கு இறங்கும். வெயிலேறிய பின் வெட்டினால், மரமும் கத்தியும் கையும் அவையே ஆயினும் பால் குறையும். சில மருந்துகளும் இத்தகையனவே. அளவு சரியாக இருந்தும் வேளை பிழைத்தால் பயன் குன்றும். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உடைய பிள்ளைகளுக்குத் தரப்படும் மருந்து அவற்றுள் ஒன்று.

இக்கோளாறு உடைய பிள்ளை அறிவில் குறைந்தவனல்லன், அடங்காப்பிடாரியும் அல்லன். மனத்தை ஒன்றில் நிறுத்துவதும், உடலை ஓரிடத்தில் இருத்துவதும் அவனுக்கு அரிதாக இருக்கின்றன. மூளை வளர்ச்சியை ஒட்டிய நிலை இது, பிரம்பால் திருத்தக்கூடியதன்று. இளம் ஆசிரியனாக இருந்தபோது நானும் பிரம்பை நம்பியவனே. அதனால் ஒரு பிள்ளையும் திருந்தியதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், முப்பது பிள்ளைகளுக்குப் பென்சிடிரின் என்னும் மருந்தைக் காலைதோறும் கொடுத்துப் பார்த்தார். ஊக்கமூட்டும் மருந்தாயினும், அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் முன்னினும் அமைந்து, பாடத்தில் வியக்கத்தக்கவாறு முன்னேறினர். இன்று நம் நாட்டில் முதலிடம் பெறுவது மெதில்பெனிடேட் என்னும் மருந்து. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் 1944-இல் உருவாக்கப்பட்ட அது, 1950-களில் ரிட்டாலின் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது.

இதன் சாதாரண மாத்திரை, உட்கொண்ட அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்குள் வேலைசெய்யத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நீண்டநேரம் வேலைசெய்யும் வகைகளுள் சில எட்டு மணிநேரமும், சில பன்னிரண்டு மணிநேரமும் பயன்தரும். இதனால் பசி மந்திக்கும்; பிற்பகலில் கொடுத்தால் இரவில் உறக்கம் தாமதிக்கும். காலைச் சிக்கல் முழுவதும் இந்த நான்கு செய்திகளுள் அடங்கும்.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்து பிழைக்கும் ஒரு தாய் என்னிடம் வந்து, “ஐயா, மருந்து கொடுத்தும் மொதப் பாடத்துல ஒக்கார மாட்டேங்கிறான். சோறும் எறங்கல. நிறுத்திடலாமான்னு இருக்கேன்” என்றார். விசாரித்ததில், சில நாள் எழுந்தவுடன் வெறும் வயிற்றிலும், சில நாள் பள்ளி வாசலிலும் மாத்திரை கொடுத்திருக்கிறார். முன்னதில் பசியாறல் கெட்டது. பின்னதில் மருந்து வேலைசெய்யுமுன் முதற்பாடம் முடிந்தது. குற்றம் மருந்தினுடையதன்று, வேளையினுடையது.

ஈப்போவில் ஏழரை மணிக்குப் பள்ளி தொடங்குமாயின், ஐந்தேமுக்காலுக்கு எழுப்பி, ஆறேகாலுக்குப் பசியாற வைத்து, ஆறரைக்கு மேல் மருந்து கொடுத்தால், பாடம் தொடங்கும்போது பயனும் தொடங்கும். இட்டலியோ முட்டையோ, ஒரு கோப்பை மைலோவோ, மருந்துக்கு முன் உள்ளே செல்வதே நன்று; நண்பகலில் அவன் பசி அறியான். இது ஓர் எடுத்துக்காட்டே. சரியான வேளையைப் பிள்ளையின் மருத்துவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்க.

எஞ்சுவது எழுந்தது முதல் மருந்து வேலைசெய்யும் வரையிலான இடைவெளி. 1982 சனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்தள்ளி வைக்கப்பட்டது. இங்குக் கதிரவன் ஏழு மணியை ஒட்டியே எழுகிறான். இருட்டில் எழும் பிள்ளைக்கு அந்நேரத்தில் மருந்தின் துணை இல்லை. ஆகவே துணை வீட்டார்தான். சீருடை, காலணி, புத்தகப்பை யாவும் முந்திய இரவே ஓரிடத்தில் இருக்கட்டும். “குளி, உடுத்து, தலைவாரு” என்று ஒரே மூச்சில் அடுக்காமல், ஒன்று முடிந்தபின் மற்றொன்று சொல்லுக. இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. இரவில் உட்கொண்டு காலையில் வேலைசெய்யும் மெதில்பெனிடேட் வகை ஒன்றுக்கு அமெரிக்கா 2018-இல் ஒப்புதல் அளித்தது இதன்பொருட்டே.

சில எச்சரிக்கைகள்: நீண்டநேர மாத்திரையை உடைத்தோ பொடித்தோ தரலாகாது, மருந்து மொத்தமாக இறங்கிவிடும். காலையில் மறந்ததை மாலையில் கொடுக்கவேண்டாம். மறுநாள் இரட்டிப்பாகவும் வேண்டாம். எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் தவறாமல் பார்த்துவர வேண்டும். பள்ளியில் இரண்டாம் வேளை தரவேண்டுமாயின், மருத்துவர் கடிதத்தோடு தலைமையாசிரியரை அணுகுக. மருந்து எந்த மணிக்கு ஓய்கிறது என்பதை வகுப்பாசிரியரே நன்கு காண்பார். அவர் குறித்துத் தரும் இரண்டு வாரக் குறிப்பு மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

அந்தத் தாய் மருந்தை நிறுத்தவில்லை. மருத்துவரைக் கேட்டு வேளையை மட்டும் மாற்றினார். பையன் இன்னும் துறுதுறுப்பானவனே. ஆயினும் முதற்பாடத்தில் இருக்கிறான், பசியாறிவிட்டும் வருகிறான். நேரம் அறிந்து செய்வதன் பயனைத் தோட்டத்து மக்கள் அறியாதவர்களல்லர். அவ்வறிவை இப்பிள்ளைகள் பொருட்டும் செலுத்துவோமாக.